குவியல் மேல் விழுந்த வெள்ளைத்தூள்

அன்பு மகன் முத்தமிழுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியில் ‘மீட்டிங் இருக்கும்மா’ என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதி, ஆண்டவர் மாமா மகன் தோஹா திரும்பும்போது மாங்காய் ஊறுகாயோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவுக்கு ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலையில் இந்த வாரம் பகல் ஷிப்ட்தான், இருமல் தேவலை. மழை இரண்டு தூறலோடு நின்றுவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். தா.பழூர் சம்பந்தம் முடிந்த மாதிரிதான் என்று நீ சொல்லிக்கொண்டிருக்கிறாய், இன்னும் முடியவில்லை. போன புதன்கிழமை நர்மதாவின் அப்பா செல்லதுரை சொல்லாமல் கொள்ளாமல் நம் வீட்டுக்கு வந்திருக்கிறார். பெண் கொடுப்பவர்கள் இப்படி வந்து பார்ப்பது வழக்கம்தான், அதில் தப்பில்லை. வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு சுமதி, ‘அவங்க குப்பைக் கெடங்குல, உரக்கூடத்துல இருப்பாங்க, அங்க போய்ப் பாருங்க’ என்று அனுப்பிவிட்டாள்.

அவர் டீக்கடையில் வழி கேட்க, கடைக்காரர் எங்கள் உரக்கூடத்தில் வேலை பார்க்கும் மணிமாறனுக்குப் போன் போட்டு, கார்ல வெள்ளை வேட்டி கட்டிய ஒருத்தர் கிடங்குக்கு வழி கேட்கிறார் என்று சொல்லிவிட்டார். யாரோ பெரிய ஆபீசர் என்று நினைத்துவிட்டான் அவன். ஆபீசர் வருகிறார் என்றால் நம் ஆட்களுக்கு முதலில் கை போவது பிளீச்சிங் பவுடர் மூட்டைக்குத்தான். வாசலில் போட்டான், சாக்கடை ஓரத்தில் போட்டான், அதோடு நின்றிருக்கலாம். சுத்தமாகத் தெரியட்டும் என்று உரக் குவியல் மேலும் கோலமாவு மாதிரி தூவிவிட்டான். கிருமியைக் கொல்வது அந்தப் பவுடரின் வேலை. எங்கள் உரத்தைச் செய்வதே கிருமிதான். டவுன் காய்கறிக் கழிவையும் சோற்றையும் இலையையும் பிரித்தெடுத்து, சாணம் கரைத்துத் தெளித்து, வாரம் தவறாமல் புரட்டிப் போட்டு, அப்போதுதான் உள்ளே நன்றாகச் சூடு பிடித்திருந்தது. சல்லடைப் பக்கம் நின்றிருந்த நான் திரும்பிப் பார்த்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மணிமாறனை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன்.

மழை வந்து அந்தத் தூள் உள்ளே இறங்குவதற்குள் மேலாக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். நான் மண்வெட்டியோடு நிற்கும்போது அவர் வந்து நின்றார். எந்த ஆபீசராக இருந்தால் எனக்கென்ன, ‘சார், சும்மா நிக்காம இந்தச் சாக்கைக் கொஞ்சம் விரிச்சுப் புடிங்க’ என்று சொல்லிவிட்டேன். மறு பேச்சில்லாமல் பிடித்தார். வேட்டியெல்லாம் தூள். ஏன் சுரண்டுகிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். குவியலுக்குள் கையை விட்டவர் சூடு தாங்காமல் வெளியே இழுத்துக்கொண்டார். கண்ணாடிச் சில்லு கிடக்குமா என்றார், சல்லடையைக் காட்டினேன். சலித்து வைத்திருந்ததில் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். அதற்கப்புறம்தான் தான் யார் என்று சொன்னார்.

கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது கேட்டார், ‘நீங்க நகராட்சி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்குறீங்கன்னு தம்பி போன்ல சொன்னாப்லயே?’ நீ அப்படிச் சொன்னது எனக்கு அப்போதுதான் தெரியும். கையுறையைக் கழற்றினேன். அவரே சொன்னார், ‘வேலையில எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நெல்லு போடுறவன் நான், குப்பை இல்லாம எனக்கு ஏது வெள்ளாமை? தம்பி எதுக்கு மறைச்சாப்லன்னுதான் தெரியலை. நாளைக்கு எம் பொண்ணுகிட்ட எதை மறைப்பாப்லயோ.’

எனக்கு வருத்தமாக இருந்தது, அதை மூடி மறைக்கவில்லை. அப்பா, ‘ஆபீஸ்ல இருந்து இப்பத்தான் கிடங்குக்கு மாத்துனாங்கன்னு சொல்லிடு, முடிஞ்சு போச்சு’ என்கிறார். நான் சொல்ல மாட்டேன். உன்னைத் திட்டவும் இல்லை. நல்ல குடும்பம், நர்மதாவும் நல்ல பெண், இது கைவிட்டுப் போனால் எனக்கும்தான் நஷ்டம். ஆனால் உனக்காக நான் ஒரு வார்த்தை பேசப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை உன்னைப் போனில் கூப்பிடுவதாகச் செல்லதுரை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்றுதான் முதலில் கேட்பார்.

குவியல் பிழைத்துக்கொண்டது. மேலே ஒரு சாண் கழித்துக் கொட்டிவிட்டோம், உள்ளே திரும்பவும் சூடு ஏறுகிறது. மணிமாறன் இரண்டு நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை, சரியாகிவிடுவான். ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக வாழ வேண்டும், அது ஒன்றுதான் நான் கும்பிடுவது. ஞாயிற்றுக்கிழமை போனை எடு.

இப்படிக்கு உன் அம்மா,
வளர்மதி,
மேற்பார்வையாளர், உரக்கூடம்,
குப்பைக் கிடங்கு.