குண்டூசி வீடு பார்க்கிறாள்

மார்ச் 3, செவ்வாய்

மணிக்கட்டு வீக்கம் பாதி வற்றிவிட்டது. பேனா பிடிக்க முடிகிறது, எழுத்துதான் டாக்டர் எழுத்து மாதிரி கோணிக்கொண்டு போகிறது. பல்பு மாற்ற நாற்காலி மேல் ஏறினேன், நாற்காலி ஒத்துழைக்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். ஆபீசில் ஆளுக்கு ஆள் கூட்டிச் சொல்லி, நான் இப்போது மாடியிலிருந்தே விழுந்தவளாகிவிட்டேன். காப்பீட்டு ஆபீசில் உட்கார்ந்து, விழுந்தவர்களையெல்லாம் "எப்படி விழுந்தீங்க, ஏன் விழுந்தீங்க" என்று குடைந்து குடைந்து கேட்கிறவள் நான். நல்லா வேணும் எனக்கு.

அண்ணன் போன் செய்தார். "அடுத்த தடவை தலையில அடிபட்டா யாரு பாக்கறது? வாடகை ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதுல்ல? புதுப்பிக்காத. மாடி ரூமை ஒழிச்சு வெச்சிருக்கேன், வந்துடு."

யோசிச்சுச் சொல்றேன் என்றேன். மாசக் கடைசிக்குள் சொல்லியாக வேண்டும்.

மாடி ரூம் நல்ல ரூம். காற்று வரும், வெளிச்சம் வரும். அண்ணியும் தங்கமானவள். மோசமான ரூமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லச் சுலபமாக இருந்திருக்கும்.

மார்ச் 4, புதன்

தெரியாத நம்பர். இளம் குரல். "குண்டூசி வரைஞ்சவங்க நீங்கதானே மேடம்?"

அந்தப் பெயரை இன்னொரு வாயிலிருந்து கேட்டு எத்தனை காலமாச்சு! வாரப் பத்திரிகையில் கடைசிப் பக்கம், நாலே நாலு கட்டம். வேலைக்குப் போகிற, கல்யாணமாகாத, எங்கே போனாலும் குடையை மறந்துவிட்டு வருகிற ஒருத்தி. ஒல்லி, நெடுநெடு உயரம், உச்சியில் உருண்டையாக ஒரு கொண்டை. அதனால் குண்டூசி. ஒருநாள் பத்திரிகையைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டார்கள். குண்டூசியும் நின்றுவிட்டாள்.

இந்தப் பெண் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் அம்மா வாராவாரம் வெட்டி வைத்திருந்தாராம். அதைப் பார்த்துத்தான் வளர்ந்தாளாம். எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகம் போடப்போகிறார்கள். ஆனால் ஒரு சிக்கல். கடைசியாக வந்த படத்தில் குண்டூசி வாடகைக்கு வீடு பார்க்கிறாள். வீட்டுக்காரர் கேட்கிறார்: "யாரெல்லாம் இருப்பீங்க?" அதோடு 'அடுத்த வாரம்' என்று போட்டிருக்கிறது. அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

"அவங்களுக்கு வீடு கிடைச்சுதா மேடம்?" என்று கேட்கிறாள், தெருக்கோடியில் இருக்கிற ஆளை விசாரிப்பது மாதிரி.

கடைசிப் பக்கம் ஒன்று புதிதாக வரைந்து தர வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

மார்ச் 7, சனி

பழைய பெட்டியைத் தேடினேன். நல்லவேளை, கட்டிலுக்கு அடியில் இருந்தது. எங்கும் ஏற வேண்டியிருக்கவில்லை.

பெட்டியைத் திறந்ததும் ஹாஸ்டல் ரூமே எழுந்து வந்துவிட்டது. மூன்றாவது மாடி, கோடி ரூம். இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு ஃபேன். அந்த ஃபேனால் நானும் என் ரூம்மேட் நெட்டையும் போட்ட சண்டை கொஞ்சமா? எனக்கு அது ஐந்தில் ஓட வேண்டும், அவளுக்கு இரண்டில். நான் தூங்கியதும் அவள் குறைப்பாள். அவள் தூங்கியதும் நான் கூட்டுவேன். இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் வேறு எண்ணும் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

நெட்டை ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்ட். சாயங்காலம் வந்ததும் பையைக் கட்டிலில் எறிந்துவிட்டு, அன்றைய பொழுதை அப்படியே நடித்துக் காட்டுவாள். மேனேஜர் தொண்டையைச் செருமுவது, பஸ்ஸில் பாதி சீட்டைக் காலால் பிடித்துக்கொள்ளும் ஆள், "இன்னும் உனக்கு ஆகலையா?" என்று லிஃப்டில் மடக்குகிற அக்கௌண்டன்ட் அம்மா. எனக்கு நடிக்க வராது. நான் வரைவேன். அவள் டைப் அடித்துக் கெட்டுப்போன தாள்களின் பின்பக்கத்தில்.

எங்களுக்கு இரண்டு சட்டம் உண்டு. நாலாம் கட்டத்தில் யாரும் பேசக் கூடாது. ஆண்களுக்கு முழங்காலுக்குக் கீழேதான் இடம், வெறும் ஷூ, செருப்பு. அதைப் பெரிய புரட்சி என்று ஒரு வாசகர் பாராட்டினார். புரட்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு ஆண் முகம் வரைய வராது. வரைந்தால் எல்லாரும் எங்கள் வார்டனம்மா மாதிரியே இருந்தார்கள்.

பிறகு பரீட்சை. காலையில் வாஷ்பேசின் முன்னால் நெட்டை பல் தேய்த்துக்கொண்டிருப்பாள். நான் படத்தை நீட்டுவேன். அவள் சிரித்து நுரை தெறித்தால் படம் பத்திரிகைக்கு. தெறிக்கவில்லையென்றால் குப்பைக்கு. தயவு தாட்சண்யமே கிடையாது. கண்ணாடி முழுக்க நுரையாக இருப்பதைப் பார்த்துவிட்டு வார்டனம்மா எங்கள் இரண்டு பேரையும் துடைக்க வைப்பார். துடைக்கத் துடைக்க மறுபடி சிரிப்பு வரும்.

எல்லாரும் குண்டூசி நான்தான் என்று நினைத்தார்கள். உயரம் அவளுடையது, வாய் அவளுடையது, நடை அவளுடையது. பயம் மட்டும்தான் என்னுடையது.

அவள் கல்யாணமாகிப் போன பிறகும் கொஞ்ச நாள் வரைந்தேன். பரீட்சை வைக்கத்தான் ஆளில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பதிப்பகத்துப் பெண் நேரில் வந்தாள். தோளில் மூட்டை மாதிரி பை. குடையை மறந்துவிட்டு வந்திருந்தாள்! சொன்னதும் அவளுக்கே சிரிப்பு.

டீ குடித்து முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எங்க முதலாளி ஒண்ணு கேக்கறார் மேடம். கடைசிப் பக்கத்துல குண்டூசிக்குக் கல்யாணம் பண்ணி வெச்சுடலாமாம். படிக்கறவங்களுக்குத் திருப்தியா இருக்குமாம்."

"உனக்கு எப்படிம்மா இருக்கும்?"

"நான் போன வாரம் வீடு பாக்கப் போனேன் மேடம். யாரெல்லாம் இருப்பீங்கன்னு கேட்டாங்க." அவ்வளவு சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவ எழுந்துபோய்விட்டாள்.

மார்ச் 11, புதன்

கல்யாணத்தைத்தான் வரைந்து பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். குண்டூசி வந்துவிட்டாள், கை மறக்கவில்லை. பக்கத்தில் மாப்பிள்ளை. ஷூ போட்டேன். லேஸ் கட்டினேன். பேண்ட் முழங்கால் வரை வந்தது. அதற்கு மேல்?

எவ்வளவோ முயன்றேன். முகம் வைத்தால் வார்டனம்மா. மீசை வைத்தால் மீசை வைத்த வார்டனம்மா. கடைசியில் குண்டூசி ஒரு ஜோடி ஷூவைக் கல்யாணம் செய்துகொண்டு நிற்கிறாள்.

தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. அண்ணன் சொல்வது சரிதானோ?

மார்ச் 12, வியாழன்

மணிக்கட்டு வலி. வரையவில்லை.

மார்ச் 14, சனி

அண்ணன் வந்தார். வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றச் சிரமப்பட்டார். ஒட்டிப் பிரிக்கிற பட்டை வைத்த ஷூ. அந்தக் காலத்தில் முகம் தெரிகிற மாதிரி பாலீஷ் போட்டு ஹாஸ்டல் வரவேற்பறையில் வந்து உட்காருவார், எனக்கு ஒரு வரனின் போட்டோவோடு. அந்த ஷூவைப் பல தடவை வரைந்திருக்கிறேன். 'வரன் ஷூ' என்று நெட்டை பெயரே வைத்திருந்தாள்.

மேஜை மேல் பழைய படங்களைப் பார்த்துவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"என் ஷூவை ஏன் இவ்ளோ பெரிசா வரைஞ்சிருக்க?"

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம? வாராவாரம் வாங்கிட்டுத்தான் இருந்தேன். உங்க அண்ணிகிட்ட காட்டினதில்லை, அவ்வளவுதான்."

போகும்போது பாத்ரூம் குழாய், சமையலறை ஜன்னல், தரை ஈரம் எல்லாவற்றையும் பார்த்தார். "பயமா இருக்கும்மா உன்னை நினைச்சா" என்றார். இத்தனை வயதில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதட்டியிருந்தால் பதிலுக்கு அதட்டியிருப்பேன். இப்படிச் சொன்னா நான் என்னதான் செய்யறது?

மார்ச் 15, ஞாயிறு

நெட்டை போன். அவள் கணவர் இறந்து இரண்டு வருஷமாகிறது. மகன் வேறு ஊரில். வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடு என்கிறான். இவளுக்கு அவன் வீட்டில் மூச்சு முட்டுகிறதாம், தன் வீட்டில் பயமாக இருக்கிறதாம்.

"மேல் தாழ்ப்பாள் போட்டோமா, போட்டோமான்னு எழுந்து எழுந்து போய்ப் பாக்கறேண்டி. குண்டூசி எப்படிடி தனியா இருந்தா?"

முதலில் சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. அப்பா வீடு, ஹாஸ்டலில் நான், அப்புறம் அவர். நெட்டை தன் ஆயுசில் தனியாக இருந்ததே இல்லை. அசல் குண்டூசி!

சொல்லிக் கொடுத்தேன். தாழ்ப்பாளைப் போடும்போது 'போட்டாச்சு' என்று வாய்விட்டுச் சொல்லு, மறக்காது. சமையலறையில் ரேடியோ ஓடட்டும். ஒரே ஆளுக்கென்று தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு நின்றபடி விழுங்காதே, உட்கார்ந்து சாப்பிடு. யாராவது மணியடித்தால் உள்ளே பார்த்து "நான் பாத்துக்கறேங்க" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திற. சொல்லிக்கொண்டே போனேன். அவள் "இரு இரு, எழுதிக்கறேன்" என்கிறாள்.

போனை வைத்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு எனக்குத் தெரியும் என்று எனக்கே தெரியாது. இந்த வீட்டில் நான் தனியாகக் கிடக்கவில்லை, வாழ்ந்திருக்கிறேன். எனக்கு இந்த வீடு வேணும்.

மார்ச் 19, வியாழன்

வேணும் என்று தெரிந்துவிட்டது. அண்ணனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மார்ச் 25, புதன்

கீழ்வீட்டில் இருக்கிற வீட்டுக்காரம்மா படியில் பிடித்துக்கொண்டார். ஒப்பந்தம் என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டு, "உங்க எதிர் வீடும் பூட்டியே கிடக்கு. நல்ல ஆளா இருந்தா சொல்லுங்க" என்றார்.

உடனே நெட்டைக்குப் போன்.

"எதிர் வீடு எதுக்குடி? உன் வீட்லயே இருந்துக்கறேனே."

"ஃபேன்?"

"எதிர் வீட்ல எத்தனை ரூம்?" என்றாள்.

மார்ச் 28, சனி

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். போனில் சொல்ல மனசு வரவில்லை. "எனக்கு என் வீட்லயே இருக்கணும்ணே" என்றேன். யோசித்துக்கொண்டு போனதெல்லாம் மறந்து அது ஒன்றுதான் வந்தது. அவர் செய்தித்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அண்ணிதான், "முதல்ல சாப்பிடு" என்று தட்டு வைத்தாள். கிளம்பும்போது அவர் எழுந்து வரவில்லை.

பஸ்ஸில் அழுதேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுவது எப்படி என்று குண்டூசி ஒரு தடவை நாலு கட்டத்தில் காட்டியிருக்கிறாள்.

ஏப்ரல் 2, வியாழன்

ஆபீசிலிருந்து வந்தால் வாசலில் ஒரு மடக்கு ஏணி சாத்தியிருக்கிறது. அண்ணன் அனுப்பியது. நாலு காலுக்கும் வழுக்காத ரப்பர். அதில் ஒரு சீட்டு: 'நாற்காலி மேல் ஏறாதே.'

ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றேன். யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நெட்டை எதிர் வீட்டைப் பார்க்க வந்தாள். கூன் விழவில்லை, இன்னும் நெட்டைதான். கொண்டை மட்டும் வெள்ளை. வீட்டுக்காரம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "யாரெல்லாம் இருப்பீங்க?"

நெட்டை என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். சிரித்தால் வீடு போய்விடும்.

"நான் மட்டும்தாங்க" என்றாள், பரீட்சையில் பதில் சொல்கிற மாதிரி நிமிர்ந்து.

வீட்டுக்காரம்மா என்னைக் காட்டி, "எதிர்லயும் இவங்க மட்டும்தான். எந்த வம்பும் இல்லை" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். இத்தனை வருஷம் அந்தக் கேள்விக்கு என்னென்னவோ பதில் யோசித்து வைத்திருந்தேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

சாமான் இறக்கினார்கள். அண்ணன் வந்து எதிர் வீட்டுத் தாழ்ப்பாளையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மே 3, ஞாயிறு

நேற்று உட்கார்ந்தேன், ஒரே மூச்சில் வந்துவிட்டது. முதல் கட்டம்: பழைய வீட்டுக்காரர் ஷூ, பழைய கேள்வி. இரண்டாவது: கொண்டை நரைத்த குண்டூசி, "நான் மட்டும்தான்." மூன்றாவது: எதிர்க்கதவு திறந்து குட்டையாக ஒருத்தி, "நானும் நான் மட்டும்தான்." நாலாவதில் பேச்சு இல்லை. இரண்டு கதவும் திறந்திருக்கின்றன. நடுவில் ஏணி. ஒருத்தி மேலே பல்பு மாட்டுகிறாள், ஒருத்தி கீழே பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஓரத்தில், சட்டத்தை மீறாமல், பட்டை வைத்த ஷூ ஒரு ஜோடி காவல் நிற்கிறது.

பதிப்பகத்துப் பெண்ணிடம் கல்யாணம் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டேன். "முதலாளியை நான் பாத்துக்கறேன் மேடம், நீங்க வரைங்க" என்றாள்.

காலையில் படத்தை எடுத்துக்கொண்டு எதிர்க்கதவைத் தட்டினேன். உள்ளே யாரிடமோ "நான் பாத்துக்கறேங்க" என்று ஒரு குரல். பிறகு கதவு திறந்தது. நெட்டை வாயில் பிரஷ். படத்தை நீட்டினேன். முதல் கட்டம் பார்த்தாள், இரண்டு பார்த்தாள், மூன்றில் கன்னம் உப்பியது.

படம் முழுக்க நுரை. என் கண்ணாடியிலும் நுரை, கதவிலும் நுரை. மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டும். ஆளுக்கொரு துணி எடுத்துக்கொண்டு கதவைத் துடைத்தோம்.