கண்ணை மூடி உயர்த்திய கைகள்

ஜெபத்திலும் ஒரு கண்ணைப் பாதி திறந்தே வைத்திருந்த என் அப்பாவுக்கு,

அம்மா நலம். நோர்பரியில் நீங்கள் வாடகைக்குப் பிடித்த அதே மண்டபத்தில்தான் நம் பாப்டிஸ்ட் ஐக்கியம் இன்னும் கூடுகிறது. ஹீட்டர் இப்போதும் ஆராதனை முடியும்போதுதான் சூடாகிறது. நீங்கள் மறைந்த பிறகு வந்த போதகர் மட்டும் புதியவர்.

நம் சபை தொடங்கிய கதையை அவர் வேறு விதமாகச் சொல்கிறார். பழைய சபையில் உபதேசம் கெட்டதால் பிரிந்தோமாம். நீங்கள் சொன்னது அதுவல்லவே? அங்கே பெண்கள் பிரசங்கிக்கக் கூடாது என்றார்கள், அதனால் சில குடும்பங்கள் சண்டை போடாமல் வெளியேறினோம் என்றீர்கள். விசுவாசித்துக் கேட்பவருக்கே ஞானஸ்நானம், வேதத்தை வாசிப்பதில் அவரவர் மனச்சாட்சிக்கு இடம், சபைத் தீர்மானத்தில் போதகருக்கும் ஒரே ஒரு கை. நம் நம்பிக்கை இவ்வளவுதான் என்று சொல்லித் தந்தீர்கள்.

போன ஞாயிறு சபைக்கூட்டம். இனிப் பிரசங்கம் ஆண்களுக்கு மட்டும் என்று ஒரு தீர்மானம். வழக்கம்போல எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள, சம்மதிப்பவர்கள் கையை உயர்த்த, போதகர் மட்டும் பார்த்து எண்ணினார். பெரும்பான்மை சம்மதம் என்றார். என் கை மடியிலேயே இருந்தது. பெண்களே அதிகமுள்ள சபையில் என் இரு பக்கமும் ஒரு சேலை அசைந்த சத்தம்கூட இல்லை. அப்படியானால் உயர்த்தியது யார்?

அடுத்த மாதம் பிரசங்கிக்க இருந்த ராணி அன்ரியிடம், தேநீர் ஊற்றும்போது, கண்ணை மூடவைத்து எண்ணுவதே ஏமாற்று என்றேன். அவர் சிரித்தார்.

"அது உன்ர அப்பா கொண்டுவந்த வழக்கம், பிள்ளை. மனுசன்மார் பாத்தால் நாங்கள் கை தூக்க மாட்டம் எண்டுதான் கண்ணை மூடச் சொன்னவர். பிரிஞ்சு வாறதுக்கு நான் கை தூக்கினது என்ர மனுசனுக்கு இண்டைக்கும் தெரியாது."

"அண்டைக்கு ஆர் அன்ரி எண்ணினது?"

"வேற ஆர்? உன்ர அப்பாதான்."

பஸ்ஸில் வீடு வரும்வரை அதுவே மனதில் ஓடியது. அன்று எத்தனை கைகள் உயர்ந்தன, அப்பா? கண்டதைச் சொன்னீர்களா, வேண்டியதைச் சொன்னீர்களா?

மறுபடி வாக்கெடுக்க வேண்டும், எண்ணும்போது நானும் முன்னால் நிற்க வேண்டும் என்று போதகரிடம் கேட்டேன்.

"என்னில நம்பிக்கை இல்லையோ தங்கச்சி?"

என் அப்பாவிலேயே கொஞ்சம் குறைந்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. முகம் கறுக்கச் சம்மதித்தார்.

வரும் ஞாயிறு மற்றவர்களின் கண்கள் மூடியே இருக்கட்டும், அன்ரிக்காக. நான் கண்ட எண்ணிக்கையைத்தான் சொல்வேன், அப்பா. நாம் தோற்றாலும்.

இரண்டு கண்ணையும் திறந்து நிற்கப்போகும்
உங்கள் மூத்த மகள்