இரண்டாவது கப்ஜின்

சங்மோவுக்கு அம்மா எழுதுவது. உயிரோடு இருக்கிறேன், இருமலும் கூடவே இருக்கிறது. ஹாம்பர்க் குளிரில் நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் போதும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் நான் வரைந்த படத்தை, அறுபது வருஷத்துக்கு முன் வரைந்தது என்று பூசான் கலைக்கூடத்தில் மாட்டிவிட்டார்கள். அதற்கு ஆமாம் போட்டவன் நீ.

திறப்புநாளில் தொக்ஜாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கப்பல் பட்டறையில் என் பக்கத்தில் தொங்குபலகையில் உட்கார்ந்து சுத்தியலால் துரு தட்டியவள். அந்தச் சத்தத்தில் போன காது இன்னும் திரும்பவில்லை, எதையும் கத்தித்தான் சொல்வாள். முதல் அறையில் என் சாக்குப் படங்கள், மாவு மூட்டைச் சாக்கில் பட்டறை வாளிகளின் அடியில் மிஞ்சிய சிவப்புப் பூச்சால் வரைந்தவை. அவற்றின் நடுவே, கப்பல் ஒன்றும் இல்லாத பட்டறை முற்றம், போன வருஷம் நான் வரைந்தது. கீழே அட்டையில் 'கப்ஜின் ஆண்டு, 1964. தொடக்க காலத்தின் பழகாத, நடுங்கும் கோடு' என்று இருந்தது. தொக்ஜா படித்துவிட்டு, "ஏன்டி பொங்ரே, இருபத்திரண்டு வயசுல ஒனக்குக் கை நடுங்குச்சா? ஒத்தக் கையில சுத்தியலும் ஒத்தக் கையில என்னையும் புடிச்சுத் தொங்குனவளாச்சே நீ" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பொறுப்பாளரைத் தேடிப் போனேன்.

பொறுப்பாளர் நம்குங் நல்ல பெண்தான். கப்ஜின் என்று நீங்களே படத்தில் எழுதியிருக்கிறீர்கள், சாக்கும் அதே சாக்கு, நிறமும் அதே நிறம் என்றாள். "சாக்குப் படமெல்லாம் தான் பொறக்குறதுக்கு முன்னாடி வரைஞ்சது, 2019க்கு அப்புறம் அம்மா பிரஷ்ஷையே தொடலன்னு உங்க மகன்தான் சொன்னாருங்கம்மா" என்றாள். கப்ஜின் என்ற ஆண்டுப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும், போன வருஷமும் கப்ஜின்தான் என்பது அவளுக்குத் தெரியும். வரைந்தவளும் அதுவரை இருப்பாள் என்றுதான் தோன்றவில்லை. இனி ஆண்டை எண்ணில் எழுதுங்கள் என்றாள். மாட்டேன் என்றேன்.

எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. சாக்கில் ஆரம்பித்தேன், வேறொன்றும் இல்லாததால். அப்போது என் கோடு நடுங்கவில்லை, முரட்டுத்தனமாக ஓடியது. உன்னைப் பெற்றபின் எண்ணெய் வண்ணத்துக்குப் போனேன், தப்பின்மேல் பத்து தடவை பூசி மறைக்கலாம், அதுவே அலுத்தது. அந்த வாடை நெஞ்சுக்கு ஆகாது என்று மருத்துவர் சொன்னதும் மல்பெரிக் காகிதமும் மையும். காகிதம் எதையும் மறைக்க விடாது, இருபது வருஷம் அதற்குப் பயந்தே வரைந்தேன். பிறகு கை நடுங்கி, ஈரக் காகிதம் கிழிந்தது, 2019இல் நிறுத்திவிட்டேன். பெட்டியில் பழைய சாக்கு இரண்டு மிச்சம் இருந்தது, அந்த முரட்டுத் துணி நடுக்கத்தைத் தாங்கியது. பட்டறைப் பூச்சு இப்போது கிடைப்பதில்லை, செம்மண் பொடியைப் பசையில் குழைத்தேன். நடுக்கத்தை மறைக்காமல் அதையே கோடாக்க ஏழு மாதம் ஆனது. அதைத்தான் பழகாத கை என்கிறார்கள். இதையெல்லாம் போன வருஷம் தொலைபேசியில் உன்னிடம் சொன்னேன். "சரிம்மா, சாப்ட்டியா" என்றாய்.

அலுப்பாக இருக்கிறது, சண்டை போடவும் தெம்பில்லை. இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், இரத்த அழுத்த மாத்திரையை விடாதே. ஆனால் கண்காட்சிப் புத்தகம் மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது, அதன்பின் நான் 2019இல் நிறுத்தியவள்தான். ஆகவே, தெரியாமல் சொன்னேன் என்று நீ நம்குங்குக்கு இந்த வாரமே எழுத வேண்டும். அவள் அந்தப் படத்தைக் கழற்றி, கடைசி அறையில், காகிதப் படங்களுக்குப் பிறகு மாட்ட வேண்டும். அட்டையில் 1964ஐயும் 'தொடக்க காலத்தின் பழகாத' என்பதையும் எடுக்க வேண்டும், 'நடுங்கும்' இருக்கட்டும். தொக்ஜா சாட்சிக்கு வருவாள், கத்தாதே என்று நான்தான் அவளிடம் சொல்ல வேண்டும். கண்காட்சி முடிவதற்குள் நீ வந்து அந்தப் படத்தின் முன் நிற்க வேண்டும். பெட்டியில் இன்னும் ஒரு சாக்கு இருக்கிறது. அது என் வேலை.

அம்மா,
சா பொங்ரே
கப்ஜினுக்கு அடுத்த உல்சா ஆண்டு, இலையுதிர் காலம். இரண்டாவது உல்சா.