தோளில் இரண்டு தட்டு

கேசோன் சிட்டி,
ஞாயிறு.

தாவோ நகரில் வசிக்கும் மாண்புமிகு துரோகி இசகானி அவர்களுக்கு,

அண்டத்தின் எல்லாக் கோள்களுக்கும் இதனால் அறிவிப்பது: நம் வேற்றுக்கோள் மன்னர் கொம்பனாரின் இடது கொம்பு, நேற்று மதியம் அறிவியல் புனைகதை ரசிகர் மாநாட்டு உணவுக்கூடத்தில், கோழிக் கஞ்சிக்குள் விழுந்து காலமானது. வலது கொம்பு நலம். செல்பேசியில் உன்னைத் தடுத்து வைத்திருப்பதால் இந்தத் துக்கச் செய்தி தாளில் வருகிறது.

ஒரு மழைக்காலம் முழுக்க உங்கள் வீட்டு மாடியில் ரப்பர் பாயை வெட்டி ஒட்டிக் கொம்பனைச் செய்தோம். உள்ளே நான். முகமூடி வழியாக என் பாதம் மட்டும்தான் தெரியும். வெளியே எனக்குக் கண்ணாக நீ. தோளில் ஒரு தட்டு என்றால் நட, இரண்டு என்றால் திரும்பு. தாவோவுக்குக் குடிபோன பிறகும் மாநாட்டுக்கு வருவதாகத்தான் சொன்னாய். போன வாரம், "அப்பா விடமாட்டேங்கிறாருடா, கப்பல்ல தனியா எப்படி வர்றது" என்றாய். நம்பினேன்.

நேற்று முகமூடியை மாட்டுவதற்கு முன் ஒப்பனை அறை வாசலில் பார்த்தால், தாவோ குழுவின் வெள்ளி இயந்திர மனிதனைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறவன் நீ. குழுப் பெயர் போட்ட புதுச் சட்டை வேறு. நான் வேற்றுக்கோள் வாசி. நீ கோள் மாறி. கூப்பிட்டேன். "அப்புறம் பேசலாம் பெஞ்சோ, இவருக்கு உள்ளேருந்து ஒண்ணும் தெரியாது" என்றாய். எனக்கு மட்டும் தெரியுமா?

கவலைப்படாதே. நீ இல்லாமலே மேடையேறினேன். தனியாக, கம்பீரமாக நடந்தேன். அரங்கமே கைதட்டியது. அதே உடையில்தான் வீடு திரும்பினேன். ஜீப்னி ஓட்டுநர், "மகாராசா, எந்தக் கிரகத்துல இறக்கிவிடணும்?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த அம்மாள், "தம்பி, உன் வாலு என் மடியில கிடக்கு" என்றார். புகழ் அப்படி.

சரி, உனக்குத் தெரியாததா. உடையோடு ஜீப்னி ஏறியது புகழுக்காக அல்ல. முதுகு ஜிப்பை இறக்க ஆளில்லை. மேடையில் நான் நடுவர்களுக்கு முதுகைக் காட்டி, பின்திரையை வணங்கிக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது தோளில் இரண்டு தட்டு. திரும்பினேன். கைதட்டல் அதற்குப் பிறகுதான். என் பாதத்துக்குப் பக்கத்தில் உன் பிய்ந்த நீலச் செருப்பு தெரிந்தது.

தட்டிவிட்டு ஏன் போனாய்? ஜிப்பையாவது இறக்கியிருக்கலாம். அக்கா கத்தரியால் வெட்டித்தான் என்னை வெளியே எடுத்தாள். கொம்பனின் முதுகு கிழிந்து கிடக்கிறது. விடுமுறைக்கு வரும்போது பசை வாங்கி வா.

கோபம் தீராத,
பெஞ்சோ