டைமிங் செயினும் என் காதும்

ஜூன் 23, திங்கள்
காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போது கடகடவென்று சத்தம் வருகிறதாம். என் வீட்டுக்காரி மரியம்மாள் சொல்கிறாள். பக்கத்து வீட்டுத் தறி என்றேன். பதினாறு வருடமாக இந்த டீசல் வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறேன். எனக்குத் தெரியாத சத்தமா?

ஜூன் 25, புதன்
அமாவாசை. நெசவுக்கு லீவு. வண்டியைக் கிளப்பும்போது டீயோடு வந்து நின்றாள். “பக்கத்து வீட்ல இன்னிக்குத் தறி ஓடல. உங்க வண்டி மட்டும் நெய்துக்கினு இருக்குது.”
டீயை மட்டும் குடித்தேன்.

ஜூன் 26
மொஹசின் பட்டறையில் விட்டேன். பானெட்டைத் திறந்து, தலையைச் சாய்த்துக் கேட்டான். டைமிங் செயின் தளர்ந்துவிட்டதாம். பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும் என்றான். “கேக்குதா, சாமுவேல் அண்ணா?”
கேக்குது என்றேன்.
கேட்கவில்லை. எப்போதும் கேட்கிற இன்ஜின் சத்தம்தான் கேட்டது. எல்லாருக்கும் கேட்கிற அந்தக் கடகட — எங்கே?

ஜூன் 28
பிரித்துவிட்டான். செயினை அணைத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கைடு உடைந்து, துண்டுகள் இன்ஜினுக்கு அடியில் ஆயில் சம்ப்பில் கிடந்தன. உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். போன வாரம் இதே வண்டியில்தான் ஒரு குடும்பத்தை வேலூர் கூட்டிப்போனேன். பின்சீட்டில் கைக்குழந்தை வேறு.
செயின், டென்ஷனர், கைடு, பல்சக்கரம் — எல்லாமே புதுசு போடச் சொன்னேன்.

ஜூன் 30
மொஹசின் செயினிலும் பல்சக்கரத்திலும் இருக்கும் குறிகளைப் பொருத்தி, ஸ்பேனர் போட்டுக் கையாலேயே இன்ஜினை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தான். எங்கும் இடிக்கவில்லை. மரியம்மாளும் வந்திருந்தாள். அவன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். மீட்டரில் விளக்குகள் எரிந்தன.
“சத்தமே இல்லப்பா” என்றேன்.
“அண்ணா, இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல.”
டீசல் இன்ஜின் உள்ளே சூடாகி ஹீட்டர் விளக்கு அணையட்டும் என்று காத்திருந்தானாம். மரியம்மாள்தான் முதலில் சிரித்தாள். பிறகு நானும். வீடு வரும்வரை பின்கண்ணாடியைப் பார்த்துப் பார்த்தே ஓட்டினேன்.
காது போனா வண்டி எப்படி ஓட்றது? பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சா? வேற இன்னா வேல தெரியும் எனக்கு?

ஜூலை 1
டாக்டரிடம் அவளே டோக்கன் போட்டுவிட்டாள். “வண்டிக்குன்னா ஓடிப்போய்க் காட்டினீங்க. காது இன்னா பாவம் பண்ணிச்சி?”

ஜூலை 4
வலது காது பாதிதான் கேட்கிறது. இடது பரவாயில்லை. மிஷின் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாம் என்றார் டாக்டர். அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். முதல் தடவையே நன்றாகக் கேட்டிருந்தது.

ஜூலை 19
காதில் மிஷினோடு முதல் சவாரி, திருப்புட்குழி கோயிலுக்கு.
தினமும் நான் கிளம்பும்போது மரியம்மாள் வாசலில் நின்று ஏதோ முணுமுணுப்பாள். எனக்காக ஜெபம் பண்ணுகிறாள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இன்றுதான் கேட்டது.
“மெள்ள போ, கெழவா.”
மெள்ளத்தான் போனேன்.