உங்கள் முதுகு வந்து சேர்ந்தது

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இதை முதலில் எழுதாவிட்டால் மீதியை நீங்கள் படிக்க மாட்டீர்கள். போனில் பேசினால் "சரி சரி, அடுப்புல வேலை இருக்கு" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. பிரிப்பதற்குள் பட்டறையே கூடிவிட்டது. என் காரில் இருந்த பழைய ஃபைபர் இருக்கை ஐந்தேகால் கிலோ. நீங்கள் செய்ததைத் தராசில் வைத்தால் ஒன்றே முக்கால்! ஒரே ஆள் உட்காரும் பந்தயக் காரில் மூன்றரைக் கிலோ குறைவது சின்ன விஷயமில்லை. எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவோம். லேசில் யாரையும் பாராட்டாத மனிதர், "யாரு செஞ்சது?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆஸ்பத்திரியில் முதுகு கோணியவர்களுக்கு அச்செடுத்துப் பட்டை செய்கிற என் அண்ணி என்றேன். நாத்தனாருக்கு இவ்வளவு செய்கிற அண்ணி உலகத்தில் உண்டா என்று சிரித்தார்.

நியாயமாக நான்தான் வந்திருக்க வேண்டும். இருக்கைக்கு அச்செடுக்க, தெர்மகோல் மாதிரி நுரைமணியும் பசையும் கலந்த பையின் மேல் ஓட்டுகிறவரே உட்கார்ந்து, அது இறுகும்வரை அசையாமல் இருப்பதுதான் முறை. சோதனை ஓட்டத்தை முன்னுக்குக் கொண்டுவந்ததில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. "உன் சைஸும் என் சைஸும் ஒண்ணுதானே, என் சட்டையெல்லாம் போட்டுக் கிழிச்சவ நீதானே, நானே உக்காந்துடறேன்" என்றீர்கள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு எனக்காக அந்தப் பையில் அரைமணி நேரம் சிலைபோல உட்கார்ந்திருக்கிறீர்கள். நினைத்தாலே மனம் நிறைந்துவிடுகிறது, அண்ணி.

இனி எழுதப்போவதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. இருக்கை இடுப்பிலும் தொடையிலும் கச்சிதம். ஆனால் ஐந்தாவது சுற்றிலேயே எனக்கு இடது பக்கம் வலி எடுத்தது. இறங்கிப் பார்த்தால், இடது தோளுக்கான பள்ளம் வலதைவிட ஒரு விரல் தாழ்ந்திருந்தது. அதன் கீழே ஒரு மேடு என் விலாவில் குத்தியது.

மில்லிமீட்டர் அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "அச்சுல தப்பில்ல. இதுல உக்காந்தவங்க தினமும் கனமா எதையோ தூக்குறாங்க. ஒரே பக்கமா, ரொம்ப நாளா" என்றார். அண்ணி வேலையில் அப்படித் தூக்க ஒன்றுமில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது.

அம்மா படுக்கையில் விழுந்து ஒன்றரை வருஷமாகிறது. "அத்தை நல்லா இருக்காங்க, தினமும் காலையில ஜன்னல் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கிறாங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வீர்கள். கட்டிலிலிருந்து ஜன்னல்வரை அவள் எப்படிப் போகிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பெற்ற பெண்ணுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஊரார் முதுகையெல்லாம் தடவிக் கோணலைக் கண்டுபிடிக்கிற நீங்கள், உங்கள் முதுகு நேராக இருக்கிறதென்று எந்த நம்பிக்கையில் அச்செடுத்தீர்கள்? அண்ணனாவது பார்த்திருக்க வேண்டாமா? டிவி ரிமோட்டைக் காணோம் என்றால்தான் அவருக்குக் கண் தெரியும்.

மேட்டைத் தேய்த்து, பள்ளத்தில் ஸ்பாஞ்ச் ஒட்டினோம். அறுபது கிராம் கூடியது, வலி போய்விட்டது. நேற்றுப் பந்தயத்தில் ஆறாவதாக வந்தேன். இதுவரை நான் இவ்வளவு முன்னால் வந்ததில்லை. இறங்கியதும் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தார்கள். பாதி அதுதான். என்னை இங்கே அனுப்பிவைத்தது அண்ணன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் சரி என்று சொன்னதோடு சரி. அனுப்பிவைத்தது நீங்கள்.

அடுத்த பந்தயத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது. அதுவரை இங்கேயே இருந்து சோதனை ஓட்டம் செய்பவருக்குத்தான் வரும் வருஷம் கார் என்று முதலாளி சொல்லியிருந்தார். நான் ஊருக்குப் போகிறேன் என்றேன். வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டால் பிறகு வந்து கேட்கக் கூடாது என்றார். கேட்க மாட்டேன் என்றேன். வராதே என்று போன் செய்ய வேண்டாம், டிக்கெட் எடுத்தாயிற்று.

பத்தாம் தேதி காலையில் வந்துவிடுவேன். எந்தப் பக்கம் கை கொடுத்துத் தூக்கினால் அம்மாவுக்கு வலிக்காது என்று எனக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆறு வாரமும் அது என் வேலை. உங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் உங்கள் முதுகைக் காட்டுவோம், நானும் கூட வருகிறேன். அடுத்த பந்தயத்துக்கு நான் இங்கே திரும்பிய பிறகு என்ன செய்வது என்று அண்ணனை உட்காரவைத்துப் பேசுவோம்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து அம்மாவைத் தனியாகத் தூக்காதீர்கள், அண்ணி. அண்ணனைக் கூப்பிடுங்கள். அவர் இல்லாத நேரத்தில் அவள் கட்டிலிலேயே இருக்கட்டும். கோபித்துக்கொள்வாள். நான்தான் சொன்னேன் என்று சொல்லுங்கள், என்னைத் திட்டட்டும்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்