கட்டில் முதலில் வந்தது

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் புது வீட்டுக்கென்று தவணையில் ஒரு கட்டில் வாங்கினேன். பத்து வருடமாகத் தரையில் படுத்து உன் இடுப்பு போனதுதான் மிச்சம். நீ வேலை பார்க்கும் அந்த ஊரை விட்டு இங்கே வந்து இறங்கும்போது கட்டில் தயாராக இருக்கட்டும் என்று நினைத்தேன். வீட்டுக் கடன் கைக்கு வரும்வரை ஒரு கரண்டிகூட வாங்க வேண்டாம் என்று நீ தலைபாடாய் அடித்துக்கொண்டதை நான் மறக்கவில்லை.

பத்திரப் பதிவுக்கு நான்கு நாள் இருக்கும்போது வங்கி மேலாளர் கூப்பிட்டார்.

"உங்க பேர்ல புதுசா ஒரு கடன் ஏறியிருக்கே சார். இனிமே வீட்டுக் கடனை மொதல்லேருந்துதான் பாக்கணும். மூணு மாசம் ஆயிடும்."

வீட்டை விற்பவரிடம் ஓடினேன். அவர் கோபப்படவில்லை. "எனக்கும் அவசரம் தம்பி. வேற ஆள் காத்துக்கிட்டிருக்காங்க" என்று முன்பணத்தை எண்ணிக் கையில் வைத்துவிட்டார். கடைக்காரரோ கட்டிலைத் திருப்பி எடுக்க மாட்டாராம். இந்த ஒற்றை அறையில் அதைச் சுற்றி நடக்கக்கூட இடமில்லை.

பள்ளிக்கூடத்தில் ராஜினாமாக் கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால், கொடுக்காதே. கொடுத்துவிட்டாய் என்றால், திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்.

இப்படிக்கு,
வீடில்லாத உன் வீட்டுக்காரன்